‘போர்டு போச்சு’ என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்: விழுந்த ட்ரோனைப் பழுதுக்குக் கொடுக்கும் முன்

பில்லில் நான்கு வரிகள். மெயின் போர்டு மாற்றம், கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் பாகம்) கேமரா மாற்றம், பேட்டரி செல் சரிசெய்தல், சாஃப்ட்வேர் காலிப்ரேஷன் (உணரிகளின் அளவைத் திருத்துவது). கூட்டிப் பார்த்தால் அதே ட்ரோனைப் புதிதாக வாங்கும் விலையில் முக்கால் பங்கு. ஆனால் ட்ரோனுக்குள் உண்மையில் நடந்திருந்த வேலை வேறு. கிம்பலில் ஒரு ரிப்பன் கேபிள் புதிதாகப் போட்டிருந்தார்கள். கழன்று கிடந்த ஆன்டெனா முனையை அழுத்திச் செருகியிருந்தார்கள். அவ்வளவுதான். கூடவே நல்ல பேட்டரி மறைந்து, யாரோ பறந்து தேய்த்த பேட்டரி ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வித்தையை வேறு கடைகளும் செய்ய முடியும் என்பதால், எப்படி ஏமாற்றினார்கள், எப்படிப் பிடிபட்டது என்பதுதான் இங்கே பயன்படும்.

ட்ரோன் மரக்கிளையில் மோதிக் கீழே விழுந்த மடக்கு வகை. விழுந்த பிறகு பேட்டரி விளக்குகள் எரிந்தன, உள்விசிறி சுற்றியது, கிம்பல் தலை தொங்கியது, ரிமோட் திரை கறுப்பாக இருந்தது. நாலு எட்டு தள்ளிப் போனால் இணைப்பும் அறுந்தது. ‘ரெஸ்பான்ஸே இல்லை, செத்துடுச்சு’ என்று சொல்லித்தான் சொந்தக்காரர் அதைக் கடையில் கொடுத்தார். கடைக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

கறுப்புத் திரையைப் பார்த்து ட்ரோன் செத்தது என்று முடிவுகட்டுவதுதான் முதல் சறுக்கல். திரை கறுப்பாக இருந்தாலும் ஓரத்தில் பேட்டரி சதவீதம், செயற்கைக்கோள் எண்ணிக்கை, உயரம் போன்ற எண்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் ட்ரோனைப் பறக்கவைக்கும் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, ரேடியோவும் பேசுகிறது. வராதது வீடியோ மட்டும். பெரும்பாலும் அது கிம்பலின் மெல்லிய ரிப்பன் கேபிள் கிழிந்ததால் வருவது. கேமராவைச் சுற்றி வளைந்து போகும் அந்தக் கேபிள், கிம்பல் தன் எல்லையைத் தாண்டி முறுக்கப்படும்போது முதலில் கிழியும். ரிப்பன் தனியாகக் கிடைக்கும் மாடல்களில் இதற்குக் கேமராவையே மாற்ற வேண்டியதில்லை. பொறுமையும் சின்னத் திருப்புளிகளும் இருந்தால் முடிகிற வேலை.

நாலு எட்டில் இணைப்பு அறுந்ததற்குக் காரணம் ஆன்டெனா. சில மடக்கு வகைகளில் ஆன்டெனா முன்கால்களுக்குள் இருக்கும். அதன் கம்பி, போர்டில் கடுகளவு வட்டமான செருகியில் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். அடி விழுந்தால் அது கழன்றுகொள்ளும். பக்கத்தில் இருக்கும்வரை பேசும், தள்ளிப்போனால் பேசாது. ஆன்டெனா இல்லாமல் வெகுநேரம் இயக்கி வைத்தால் ரேடியோவின் பவர் ஆம்ப்ளிஃபையர் கெட வாய்ப்பு உண்டு. ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

பொய் எப்படித் தெரிந்தது? ரிமோட்டை சொந்தக்காரர் கடையில் கொடுக்கவே இல்லை, வீட்டிலேயே இருந்தது. திரும்பி வந்த ட்ரோன் அந்த ரிமோட்டோடு தானாகவே இணைந்துகொண்டது. இணைப்பு விவரம் இருப்பது போர்டில். போர்டு புதிது என்றால் ரிமோட்டோடு மறுபடி ஜோடி சேர்த்தாக வேண்டும். அடுத்து, ஆப்பில் ‘பற்றி’ பக்கத்தில் இருந்த ஃப்ளைட் கன்ட்ரோலர் வரிசை எண், விழுவதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த அதே எண். வெளிக்கடைகள் போடும் போர்டுகளில் பொதுவாக எண் மாறியிருக்கும். கேமரா விஷயம் இன்னும் சுலபம். பழைய படங்களில் வானத்தின் மேல் வலப்பக்கத்தில் ஒரு சென்சார் தூசிப் புள்ளி இருந்தது. ‘புதிய’ கேமராவிலும் அதே இடத்தில் அதே புள்ளி.

பேட்டரிதான் வயிற்றெரிச்சல். கொடுத்தபோது 31 சார்ஜ் சுற்றுகள் காட்டியது, திரும்பியபோது 118. அதன் வரிசை எண்ணும் வேறு. ‘செல் சரிசெய்தல்’ என்ற பெயரில் பேட்டரியையே மாற்றி, அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

நான்காவது வரியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐஎம்யூ (அசைவையும் சாய்வையும் உணரும் சிப்), திசைகாட்டி, கிம்பல் தானியங்கி காலிப்ரேஷன் எல்லாம் ஆப்பிலேயே சில நிமிடங்களில் முடிவது, அதற்குத் தனிக் கட்டணம் அநியாயம். ஆனால் கிம்பல் தொகுதியையே உண்மையில் மாற்றியிருந்தால், பல மாடல்களில் சிறப்பு மென்பொருளால் அதை ட்ரோனோடு பொருத்த வேண்டியிருக்கும். அது நியாயமான வேலை. மாற்றாத கிம்பலுக்குக் கேட்டதுதான் பிரச்சினை.

இனி, ட்ரோன் உண்மையிலேயே எதற்கும் அசையாமல் கிடந்தால் கடைக்குப் போகும் முன் என்ன பார்க்கலாம் என்று சொல்கிறோம். முதல் வேலை இறக்கைகளை (புரொப்பல்லர்களை) கழற்றுவது. நான்கையும். ‘ஆன் ஆகாததுதானே’ என்று விட்டுவிட்டு விரலை அறுத்துக்கொண்டவர்கள் நிறைய.

பேட்டரியை வெளியே எடுங்கள். ஓடு விரிசல், வீக்கம், இனிப்பான கரைப்பான் வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைச் சார்ஜ் போடவோ திரும்ப மாட்டவோ கூடாது. அடிபட்ட லித்தியம் பாலிமர் செல் உடனே எரியும் என்பதில்லை, நேரம் கழித்தும் பற்றும். வெட்டவெளியில், எரியாத தரையில் அல்லது மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் வையுங்கள். வெளியே பழுதில்லை என்றால் செருகு முனைகளைப் பாருங்கள். ஒரு தகடு வளைந்திருந்தால்கூட ட்ரோன் விழிக்காது.

ஆன் செய்யும் முறையும் சிலரைக் குழப்பும். டிஜேஐ ட்ரோன்களில் ஒருமுறை தட்டினால் சார்ஜ் அளவுதான் தெரியும். தட்டிவிட்டு உடனே மறுபடி அழுத்திச் சில விநாடிகள் பிடித்தால்தான் இயங்கும். வெகுநாள் கிடந்த பேட்டரி உறக்க நிலைக்குப் போயிருந்தால் சார்ஜரில் மாட்டினால்தான் எழும். இதைக்கூடச் சொல்லாமல் ‘பேட்டரி டெட்’ என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே சமயம் செல் ஒன்றின் அழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே போய் நெடுநாள் கிடந்திருந்தால், உள்ளே இருக்கும் மேலாண்மை சிப் நிரந்தரமாகப் பூட்டிவிடக்கூடும். பூட்டைத் திறந்து தருகிறேன் என்பவரிடம் அடிபட்ட பேட்டரியைக் கொடுக்காதீர்கள். சிப் பூட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

விளக்கு எரிந்து ஒரு நொடியில் அணைகிறதா? பட்டன் பேட்டரியிலேயே உள்ள வகை என்றால் வெளியே எடுத்து ஆன் செய்யுங்கள். தனியாக நின்று எரிந்து, ட்ரோனில் மாட்டியதும் அணைந்தால் ட்ரோனுக்குள் ஷார்ட் இருக்கக்கூடும். ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று அஞ்சாறு முறை ஆன் செய்துகொண்டே இருந்தால் ஏற்கெனவே போன ஒரு மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) போர்டின் தடத்தையும் கருக்கிவிடும். நல்ல பேட்டரியை மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் மல்டிமீட்டருக்குப் பிறகுதான்.

மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, பேட்டரி இல்லாத ட்ரோனின் தடிமனான இரண்டு பவர் முனைகளில் தொடுங்கள். ஒரு கணம் பீப் அடித்து அடங்கினால் பயமில்லை, கெப்பாசிட்டர் நிறைகிறது. விடாமல் அடித்தால் ஷார்ட்.

ஷார்ட் என்று தெரிந்ததும் கடைகள் ‘போர்டு’ என்று முடித்துவிடும் இடம் இதுதான். ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று கம்பிகள், அதை ஓட்டும் இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றில்) பொதுவாக ஆறு மாஸ்ஃபெட்கள். விழுந்த பிறகு இறக்கை சிக்கிய நிலையில் மோட்டார் சுற்ற முயன்றால், போவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோதான். கண்டுபிடிக்க விரலே போதும். நான்கு மோட்டார்களையும் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் புகுந்தது கரகரக்கும். அச்சு வளைந்தது ஆடும், அல்லது ஓரிடத்தில் உரசும். ஒன்று மட்டும் தேனில் சுற்றுவதுபோல் கனமாக இழுத்தால், அதன் மூன்று கம்பிகளில் இரண்டு எங்கேயோ ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மோட்டார் டைனமோவாகித் தன்னையே பிரேக் போடுகிறது. கம்பிகளை போர்டிலிருந்து சால்டர் எடுத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இழுவை போய்விட்டால் இஎஸ்சி பழுது, போகவில்லை என்றால் மோட்டாரோ அதன் கம்பியோ. பட்டறையில் சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் போர்டு என்று எப்படிச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

சால்டர் எடுக்கத் தயங்குபவர்கள் மல்டிமீட்டரின் டையோடு நிலையில் அளக்கலாம். பவர் மைனஸுக்கும் ஒவ்வொரு மோட்டார் கம்பிக்கும் இடையே மொத்தம் 12 அளவீடுகள், பிறகு பிளஸுக்கும் 12. எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கூட்டம் மட்டும் பூஜ்யத்தருகே காட்டினால் ட்ரோனின் அந்தக் கைதான் (மோட்டாரைத் தாங்கும் தண்டுப் பக்கம்) பழுது. அடுத்து மோட்டாரின் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்றும் மிகக் குறைந்த, ஒரே அளவு காட்டும். கம்பி அறுந்திருந்தால் இரண்டு அளவுகள் திறந்த நிலை காட்டும். மடக்கு வகைகளில் இந்த அறுப்பு பெரும்பாலும் கை மடங்கும் கீலுக்குள் இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. மோட்டார் உடம்புக்கும் கம்பிகளுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

ஷார்ட்டும் இல்லை, ஆன் ஆனாலும் பேசவில்லை என்றால் காதைக் கொடுங்கள். தொடக்க ஒலி பல ட்ரோன்களில் மோட்டார்களிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்தால் அதிர்வு தெரியும், தெரியாத கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தரவு கடத்தும் யூஎஸ்பி கேபிளால் கணினியில் மாட்டுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளைப் போட்டுவிட்டு ‘கணினி பார்க்கவில்லை’ என்று கலங்குவது அடிக்கடி நடக்கும். கணினி அடையாளம் கண்டால் முதன்மைச் செயலி உயிரோடு இருக்கிறது.

எஃப்பிவி (ட்ரோன் கேமராவின் காட்சியைக் கண்ணாடித் திரையில் பார்த்தே ஓட்டும்) ட்ரோன்காரர்களுக்கு இதில் பாதி தெரிந்ததே. யூஎஸ்பியில் ஃப்ளைட் கன்ட்ரோலர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரியை ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி) வழியாக மட்டும் மாட்டுங்கள்.

தண்ணீரில் விழுந்ததற்கு அரிசி மூட்டை உதவாது. பேட்டரியை எடுத்து, ட்ரோனின் மேலோட்டைத் திறந்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகே மின்சாரம். உப்புத்தண்ணீர் என்றால் அன்றைக்கே.

போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு. கருகிய வாடை, சிப்பின் மேல் குமிழ், நல்ல பேட்டரியிலும் கணினிக்குத் தெரியாத நிலை, மோட்டார் கம்பிகளைப் பிரித்து, போன மாஸ்ஃபெட்களையும் எடுத்த பிறகும் விடாத ஷார்ட், இவற்றைக் காட்டிச் சொல்கிற மெக்கானிக்கை நம்பலாம். ஒரு மாஸ்ஃபெட்டை மட்டும் சூடுகாற்றில் எடுத்து மாற்றுகிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பழைய போர்டு போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அது வேறொருவர் கணக்கில் பூட்டப்பட்டதாக இருந்தால் உங்கள் ட்ரோன் எழுந்தும் பறக்காது. வரிசை எண்ணை வைத்துப் பதிவு செய்யும் நாடுகளில் பதிவும் பொருந்தாமல் போகும்.

கொடுக்கும் முன் எடுக்க வேண்டிய படங்கள் இவை: உடம்பில் ஒட்டிய வரிசை எண், ஆப் காட்டும் ஃப்ளைட் கன்ட்ரோலர் எண், ஒவ்வொரு பேட்டரியின் எண்ணும் சார்ஜ் சுற்றும். ஆப் இணையாத நிலை என்றால் பேட்டரி மேலிருக்கும் எண்ணையாவது எடுங்கள். கேமரா வேலை செய்தால் லென்ஸை மூடி நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு படம். இருட்டில் மின்னும் சூட்டுப் புள்ளிகளின் அமைப்பு சென்சாரின் கைரேகை மாதிரி. ஓட்டின் இரண்டு மூன்று திருகுத் தலைகளில் நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். திறக்காமலே ‘திறந்து பார்த்தோம்’ என்பவர்களும் உண்டு. மெமரி கார்டை எடுத்துவிடுங்கள், உள்சேமிப்பில் உள்ளதைப் பிரதி எடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். பேட்டரி சோதனைக்குத் தேவை என்றால் ஒன்று போதும், அதன் எண்ணை ரசீதில் எழுத வையுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்பதையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் கொடுக்காமல் வந்துவிடுவது மேல்.

திரும்பி வந்ததும் மோட்டார் திருகுகளைப் பாருங்கள். இந்த ட்ரோனின் பின் இடது மோட்டாரில் ஒரு திருகு மற்றவற்றைவிட நீளம், முனை சுருள் கம்பியைத் தொட ஒரு மயிரிழை தூரம். தொட்டிருந்தால் அந்த இஎஸ்சியும் எரிந்து, அடுத்த பில்லுக்கு வழி பிறந்திருக்கும். பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 249 கிராம் வகையில் கொஞ்சம் பசையே 250 கிராம் கோட்டைத் தாண்ட வைத்துவிடும். பல நாடுகளில் விதிகள் மாறும் எல்லை அது. பிறகு திறந்த இடத்தில் ஆளுயரத்துக்குக் குறைவாக மூன்று நிமிடம் மிதக்கவிட்டு இறக்கி, மோட்டார்கள் நின்றதும் நான்கையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

பேட்டரி எண் படங்களைக் காட்டியதும் கடையில் ‘பையன் மாத்தி வச்சுட்டான்’ என்றார்கள். 31 சுற்றுப் பேட்டரி மறுநாளே கிடைத்துவிட்டது. கழற்றியதாகச் சொன்ன பழைய போர்டைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். பழைய எண்ணோடு அது ட்ரோனுக்குள்ளேயே இருக்கிறது என்று திரையில் காட்டிய பிறகு, முதலாளி வந்ததும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி இன்னும் வரவில்லை.