பெரியம்மா வீடு வாடகைக்கு: ஒருமுறை புரோக்கரா, மாதக் கமிஷன் ஆளா?

ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ பெரியம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது, அவரை நீங்கள் மதுரைக்கு அழைத்து வந்துவிட்டீர்கள் என்றால் வழி இரண்டுதான். ஆள் பிடித்துக் கொடுத்து ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு போய்விடும் புரோக்கர், இல்லையென்றால் மாதாமாதம் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆள்.

வாடகை 8,000 என்று வையுங்கள். புரோக்கருக்கு 8,000 ஒரே தடவை, மற்றவருக்கு 11 மாதத்தில் 8,800. முதல் வருஷம் பெரிய வித்தியாசமே இல்லை. குடியிருப்பவர் மூன்று வருஷம் தங்கினால் புரோக்கர்தான் லாபம், ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் கமிஷன் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், சிலர் கூசாமல் கேட்பார்கள்.

அப்புறம் உப்புக்காற்று. ஜன்னல் கம்பி பொரிந்து உதிரும், கீல் இறுகும், மோட்டார் சுவிட்சுக்குள் பச்சை பிடிக்கும். புரோக்கர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பக்கத்துத் தெருவில் சொந்தம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் நான் மாதக் கமிஷன் பக்கம்தான். ஆனால் அவர் கையில் வாடகை போகக் கூடாது: நேராகப் பெரியம்மா கணக்குக்கு வரட்டும், கமிஷனை நீங்கள் தனியாக அனுப்புங்கள்.

எதுவானாலும் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பெரியம்மாவால் கையெழுத்துப் போட அலைய முடியாதென்றால், நினைவு தெளிவாக இருக்கும்போதே உங்கள் பெயருக்குப் பவர் எழுதிப் பதிந்துவிடுங்கள். அதைப் புரோக்கர் பெயருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.