குளிர் மலைக்குப் போகும் பழைய மாருதி: பேட்டைப் பட்டறையின் வேலை எப்படி?

திருநெல்வேலியில் கார் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய காரைக் குளிர் மலைக்கு அனுப்புமுன் அதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்த பட்டறை அரிது. பேட்டையில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் ஒரு பட்டறை அத்தகையது என்பதை இந்த மார்கழியில் தெரிந்துகொண்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய என் 1996ஆம் ஆண்டு மாருதி 800-ஐக் குடும்பத்துடன் கொடைக்கானலுக்கு ஓட்டிச் செல்வதற்காக அங்கே ஒப்படைத்தேன். வேலையின் தரம், அதிலிருந்த குறைகள், மலையில் வண்டி நடந்துகொண்ட விதம் ஆகிய மூன்றையும், பழைய வண்டியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பழைய கார்கள் பெரும்பாலும் வெயிலுக்காகவே மாற்றியமைக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் கயத்தாறு தாண்டுவதற்குள் எஞ்சின் கொதித்துவிடுகிறது என்று ஒருவர் ஒன்றைக் கழற்றியிருப்பார். தேவையில்லாத குழாய் என்று இன்னொருவர் வேறொன்றை அடைத்திருப்பார். மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமாக உள்ள நம் சமவெளியில் இவற்றால் பெரிய கேடு எதுவும் வெளியே தெரிவதில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலோ, டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, சில நாட்களில் ஏரியை ஒட்டிய புல்வெளிகளில் உறைபனியே படிகிறது. அங்கே போனதும் அத்தனை மாற்றங்களும் ஒரே விடியலில் நம்மைச் சோதிக்கும். இந்தப் பட்டறையின் சிறப்பு, புதிதாக எதையும் மாட்டிவிடாமல், வெயிலுக்காகக் கழற்றப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திரும்பப் பொருத்துவதுதான்.

முதலில் மெக்கானிக் கைவைத்த இடம் தெர்மோஸ்டாட் வால்வு. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிறு வால்வு, எஞ்சின் சூடேறும்வரை மூடியிருந்து, தண்ணீர் சுமார் 82 டிகிரியைத் தொட்டதும் திறக்கத் தொடங்கும். இதைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி கொதிக்காது என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றியது. என் வண்டியிலும் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே அது போயிருந்தது. மூடியைத் திறந்து வெற்றுப் பள்ளத்தைக் காட்டிய மெக்கானிக், "அண்ணாச்சி, இது நம்ம வெயிலுக்குக் கழத்துனது. மலையில எஞ்சின் சூடே ஏறாது, பாத்துக்கிடுங்க" என்றார். சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஈரமாகவே தங்கி, அங்குள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தொட்டியில் கலந்துவிடுகிறது. மைலேஜ் குறைவதோடு நில்லாமல் தேய்மானமும் கூடுகிறது. வெயிலில் கொதித்ததற்கு உண்மையான காரணம் வால்வு அல்ல என்றும், அடைபட்ட ரேடியேட்டரைக் கவனிக்காமல் வால்வின் மீது பழி போட்டிருக்கிறார்கள் என்றும் அவர் விளக்கியது எனக்கு முழுதும் சரியாகவே பட்டது.

புதிய வால்வு வாங்கி வந்ததும் அவர் அதை அப்படியே பொருத்தவில்லை. பட்டறை மூலையில் தேநீர் போடும் அடுப்பில் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் செருகினார். எழுபதைத் தாண்டியும் அசையவில்லை. எண்பதைக் கடந்து சற்று நேரத்தில் வால்வின் விளிம்பில் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது. பிறகு தட்டு மெல்லக் கீழே இறங்கி முழுதாகத் திறந்தது. அடுப்பை அணைத்து, ஆறும்போது மீண்டும் ஒழுங்காக மூடிக்கொள்கிறதா என்றும் பார்த்த பிறகே பொருத்தினார். கடையில் புதிதாக வாங்கிய சாமானைக்கூடச் சோதித்துப் பொருத்தும் இந்தப் பழக்கம் ஒன்றுக்காகவே அவரிடம் வண்டியைக் கொடுக்கலாம்.

ரேடியேட்டரில் இருந்தது வெறும் போர்த் தண்ணீர். வடித்தபோது செம்மண் குழம்பாக இறங்கியது. இரண்டு மூன்று முறை அலசி, மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் என்ற ரேடியேட்டர் திரவமும் மீதிக்கு டிஸ்டில்டு வாட்டரும் கலந்து நிரப்பினார். இந்தக் கலவை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி வரை தாங்கும் என்பதால் தமிழ்நாட்டு மலைகளுக்குத் தாராளமாகப் போதும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடி இரும்பையே பிளந்துவிடும் என்பது உண்மையானாலும், கொடைக்கானலில் ரேடியேட்டர் உறைந்து வெடிக்கும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம். கூலண்டின் நிஜப் பயன் துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான். அந்தப் பயன் சித்திரையிலும் கிடைக்கும். மிஞ்சிய கூலண்ட் கலவையைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து வைத்ததையும் குறிப்பிட வேண்டும். கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். அது கொடிய விஷம். இந்தக் கவனத்தை வேறு எந்தப் பட்டறையிலும் நான் கண்டதில்லை.

அடுத்தது கார்புரேட்டர். குளிர்ந்த எஞ்சின் எளிதாகப் பிடிக்கக் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் தட்டுதான் சோக்; அதன் கம்பி உறைக்குள் இறுகிப்போய், குமிழை இழுத்தாலும் பாதிதான் வந்துகொண்டிருந்தது. நெல்லையில் சோக் இல்லாமலே வண்டி எடுத்துவிடும் என்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. கம்பியை மாற்றி, தட்டு முழுதாக மூடி முழுதாகத் திறக்கிறதா என்று என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடான காற்றை ஏர் ஃபில்டருக்குக் கொண்டுவரும் குழாயும் என் வண்டியில் இல்லை. தேடிப் பிடித்து ஒன்றைப் பொருத்தினார். குளிரும் ஈரமும் சேர்ந்த காற்றில், பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், வெளியே உறைநிலைக்கு மேல் சில டிகிரி இருக்கும்போதே கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டிவிடக்கூடும். 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் இன்றைய பெட்ரோலில் இந்தக் குளிர்ச்சி இன்னும் கூடுதல். எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் அவர் மாற்றினார். கழற்றியதை மடக்கிக் காட்டியபோது மேற்புறமெல்லாம் வெடிப்பு தெரிந்தது. மலையில் காற்று மெலிந்திருப்பதால் கலவையில் பெட்ரோல் பங்கு கூடி, நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறும் என்றும், அதற்காக அங்கே வைத்துக் கலவை ஸ்குரூவைத் திருகினால் கீழே இறங்கியதும் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும் என்றும் எச்சரித்து அனுப்பினார்.

பேட்டரிக்காக வண்டியை ஓர் இரவு பட்டறையில் விடச் சொல்கிறார். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு விடியற்காலையில் எடுக்கும் முதல் ஸ்டார்ட்டைத் தானே பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்டாயம். நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. உறைநிலைக்கு வரும்போது ஈய அமில பேட்டரி தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பதால், இங்கேயே இழுபறியாகச் சுற்றும் பேட்டரி அங்கே கைவிட்டுவிடும். என்னுடையது தேறியது. புதியது விற்க வாய்ப்பிருந்தும், டெர்மினலில் பூத்திருந்த பச்சைப் படிவை வெந்நீரால் கழுவி, வாசலின் தடவி, அதுவே போதும் என்று விட்டுவிட்டார்.

ஆயிலிலும் அப்படித்தான். மெல்லிய ஆயில் போடலாமா என்று கேட்டதற்கு, இப்போதிருக்கும் 20டபிள்யூ40 என்ற சற்றே கெட்டியான ஆயில் உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழேயும் ஸ்டார்ட்டருக்கு இடங்கொடுக்கும், தேய்ந்த எஞ்சினுக்கு அதுவே நல்லது என்று மறுத்துவிட்டு, பழைய ஆயிலை மட்டும் அதே வகையில் மாற்றினார். டயர் காற்றைப் பற்றி அவர் சொன்னது சுவாரசியமானது. குளிரில் காற்றழுத்தம் குறையும். நம் பகல் வெப்பத்துக்கும் கொடைக்கானல் விடியலுக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 3 பவுண்டு இறங்கும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜ் ஏறத்தாழ அதே அளவு கூட்டிக் காட்டும். ஆகவே இங்கே சரியாக நிரப்பிவிட்டு மேலே தொடாமல் இருப்பதே முறை.

ஹீட்டர் விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. என் வண்டியின் ஹீட்டர் குழாய்கள் இரண்டையும் யாரோ ஒன்றோடொன்று இணைத்து அடைத்திருந்தார்கள். அவற்றைத் திரும்ப இணைத்தாலும், உள்ளே துரு அடைத்திருந்ததால் இளஞ்சூடான காற்றுதான் வந்தது. பழைய சாமான் கிடைத்தால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காருக்குள் நால்வர் மூச்சு விடும்போது முன்கண்ணாடியில் உட்புறம் படியும் ஈரத்தை நீக்க இந்தக் காற்று போதவில்லை. ஜன்னலை விரலளவு இறக்கி வைத்தும் துணியால் துடைத்தும்தான் ஓட்டினேன். அவர் தந்த வேறொரு யோசனை கைகொடுத்தது. புறப்படுமுன் கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்பு நீரால் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து வைத்தால் படியும் ஈரம் பாதியாகக் குறைகிறது.

பிரேக் ஆயிலைக் கேட்காமலே மாற்றினார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் ஏறஏறக் கொதிநிலை இறங்கி, மலையிறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆயிலில் குமிழி எழுந்து பெடல் பஞ்சாகிவிடும். குளிர்ப் பயணத்தில் இதை நினைப்பவர் குறைவு.

திருமங்கலம், உசிலம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய் மலையேறினோம். டம்டம் பாறைக்கு மேல் மூடுபனி இறங்கியபோது லோ பீமில், முன்னே போன பேருந்தின் வேகத்துக்கு இசைந்து ஓட்ட வண்டி ஒத்துழைத்தது. 796 சிசி எஞ்சினுக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. செகண்ட் கியரில் பொறுமையாக ஏற வேண்டும். டெம்பரேச்சர் முள் மட்டும் எங்கும் நடுக்கோட்டை விட்டு நகரவில்லை. இரவில் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தும்படி சொல்லியிருந்தார். ஈரமான கம்பியும் லைனிங்கும் குளிரில் பிடித்துக்கொள்ளும் என்பது காரணம். விடிந்தபோது கண்ணாடியெங்கும் வெண்படலம். பக்கத்துக் காரில் ஒருவர் வெந்நீர் ஊற்றப் போனார்; தடுத்தேன், ஏனெனில் திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சோக்கை முழுதாக இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் சோக்கைப் பாதியாக்கி, ஓட்டம் சீரானதும் முழுதும் தள்ளிவிட்டேன். எஞ்சினை உறுமவிடாமல், முள் எழும்வரை மெதுவாக ஓட்டினேன்.

பட்டறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. எழுதிய பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் வருகிறது. எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்பதைக் கடைச் சீட்டுகளை வாங்கி நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் கிரீஸ் கறை. மழை பெய்தால் வண்டிகள் நனைந்தபடியே நிற்கும். கூலியும் சாமான்களுமாக ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இதே வேலைக்கு வேறோர் இடத்தில் விசாரித்தபோது, தெர்மோஸ்டாட் தேவையே இல்லை என்று சொல்லி, பேட்டரியையும் ஆயிலையும் மாற்றச் சொன்னார்கள். அந்தத் தொகை இதைவிடக் கூடுதல்.

கார்புரேட்டருக்குப் பதிலாக கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இவரிடம் போகத் தேவையில்லை. அதற்குரிய கம்ப்யூட்டர் கருவிகள் அவரிடம் கிடையாது. கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் பொங்கல் விடுமுறைக்கு மலையேறுவதாக இருந்தால் மார்கழி நடுவிலேயே வண்டியை விட்டுவிட வேண்டும். கடைசி வாரத்தில் அவர் புது வேலை எடுப்பதில்லை. கூலண்டும் பிரேக் ஆயிலும் நாமே வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் என்ற இணையவழி நுழைவு அனுமதி கட்டாயமாக உள்ளதால், வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களிலேயே அதையும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம்.