"கரண்ட் சிடிசி என்ன?" உடனே சொல்வதா, மறுப்பதா, தள்ளிப்போடுவதா?

எச்ஆரிடமிருந்து வரும் முதல் போன் பத்து நிமிடத்தைத் தாண்டாது. பெயர், அனுபவம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் அந்தக் கேள்வி வந்து விழும்: "கரண்ட் சிடிசி என்ன?" சிடிசி என்றால் நிறுவனம் நமக்காக வருஷத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை; சுருக்கமாக, இப்போது என்ன சம்பளம் என்பதுதான் கேள்வி. பிறந்த தேதியைக் கேட்கிற தொனியில்தான் கேட்பார்கள். நாமும் பிறந்த தேதியைச் சொல்கிற வேகத்தில் சொல்லிவிடுகிறோம். பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. அது எப்போது தொடங்கியது என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

நான் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தபோதுதான் அந்த எக்செல் ஷீட்டை முதன்முதலில் பார்த்தேன். பெயருக்கு அடுத்து மூன்று கட்டங்கள்: இப்போது வாங்குவது, கேட்பது, ஹைக் (சம்பள உயர்வு) சதவீதம். மூன்று சுற்று இன்டர்வியூ வைத்து எங்கள் டீம் போட்ட மதிப்பெண், வலப்பக்கம் ஸ்க்ரோல் செய்துகொண்டே போனால் கடைசியில் எங்கேயோ இருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு பேரை எடுத்தோம். மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவர் 100 வாங்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் 150 (எந்தப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்). ஒப்புதலுக்குப் போன ஷீட் திரும்பி வந்தபோது முதலாமவருக்கு 130, அடுத்தவருக்கு 175. அந்த வேலைக்கு ஒதுக்கியிருந்த பட்ஜெட் 180. முப்பது சதவீத ஹைக் என்பதால் 130க்காரர் விஷயத்தில் எல்லோருக்கும் திருப்தி, அவருக்கும்தான். 175க்காரருக்கு ஹைக் 17 சதவீதம்கூட வரவில்லை. "ரொம்பக் கம்மியா இருக்கே" என்று அவர் முனகியது இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நான்கு விதமாகப் பதில் சொல்லலாம். மூன்றை நானே செய்து பார்த்திருக்கிறேன். நான்காவதைச் செய்தவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கேட்டவுடன் உள்ளபடி சொல்வது

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் மிச்சம். அவர்களுடைய பட்ஜெட் நம் இப்போதைய சம்பளத்துக்கே எட்டாது என்றால் அது முதல் போனிலேயே தெரிந்துவிடும். ஐந்து சுற்று இன்டர்வியூ முடித்து, லீவெல்லாம் கரைத்து, கடைசியில் கைகுலுக்கிப் பிரிய வேண்டியதில்லை. ஏற்கெனவே நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு இதுதான் சிறந்த வழி. அவருடைய பழைய எண்ணே அவருக்காகப் பேசும், 175க்காரருக்குப் பேசியதைப் போல.

சிக்கல் மற்றவர்களுக்குத்தான், அதாவது பெரும்பாலோருக்கு. முதலில் காதில் விழும் எண் மனதைக் கட்டிப்போடும் என்பதை ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். 0 முதல் 100 வரை எண்கள் போட்ட ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்னதில் நடுவாக அமைந்த விடை 25; 65இல் நின்றதைப் பார்த்தவர்களிடம் அதுவே 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இந்தப் பிடி என்றால், நம் வாயாலேயே நம் விலை என்று சொன்ன எண்ணுக்கு எவ்வளவு இருக்கும்?

இந்த இழப்பு ஒருமுறையோடு நிற்காது. ஒருவர் 100இல் தொடங்குகிறார், இன்னொருவர் 130இல். இருவரும் நான்கு முறை வேலை மாறி, ஒவ்வொரு முறையும் இருபது சதவீதம் ஹைக் வாங்குகிறார்கள். கடைசியில் ஒருவர் 207இல் இருப்பார், மற்றவர் 270இல். 30 ஆக இருந்த வித்தியாசம் 60ஐத் தாண்டிவிட்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் வேலையில் விவரம் தெரியாமல் வாங்கிய சம்பளம், அல்லது பிள்ளை பெற்று இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த வேலையில் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட சம்பளம், பதினைந்து வருஷம் கூடவே வருகிறது.

கலிஃபோர்னியாவில் இது வழக்காகவே போனது. ஃப்ரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகம் 2009இல் ஒரு பெண்ணைக் கணித ஆலோசகராக வேலைக்கு எடுத்தது. முந்தைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்த்துத் தருவது அவர்களுடைய விதி. 2012இல் சக ஊழியர்களோடு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், புதிதாகச் சேர்ந்த ஓர் ஆண் தன்னைவிட அதிகச் சம்பளத்தில் சேர்ந்திருப்பது அவருக்குத் தெரியவந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பள வித்தியாசத்துக்குப் பழைய சம்பளத்தைக் காரணம் காட்ட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், பாரபட்சமே இல்லை என்பதுதான் அலுவலகத்தின் வாதம். அது உண்மையும்கூட, சிக்கலே அந்த விதிதான்.

"எனக்கு மறைக்கத் தெரியாதுப்பா" என்று சொல்பவர்கள் உண்டு. வீடு விற்பவர், தான் வாங்கிய விலையை யாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அவரை யாரும் பொய்யர் என்பதும் இல்லை.

சொல்ல மாட்டேன் என்று மறுப்பது

கேட்க வீரமாக இருக்கும். சில இடங்களில் சட்டமே துணைக்கு வருகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் பழைய சம்பளத்தைக் கேட்பதற்குத் தடை போட்டு 2016இல் சட்டம் இயற்றி 2018 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க் நகரம் 2017 அக்டோபரில், கலிஃபோர்னியா 2018 ஜனவரியில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சம்பள வெளிப்படைத்தன்மை உத்தரவும் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது; உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்கக் கெடு 2026 ஜூன் 7. தடை வந்த அமெரிக்கப் பகுதிகளில் வேலை மாறியவர்களின் சம்பளத்தைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, சராசரியாக 5 சதவீதம் கூடியிருந்தது. பெண்களுக்கு 8, கறுப்பினத்தவருக்கு 13. யார் பழைய எண்ணால் அதிகம் இழந்துகொண்டிருந்தார்கள் என்பதை இந்த மூன்று எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

சட்டத் துணை இல்லாத இடத்தில் தனி ஆளாக மறுப்பது வேறு கதை. நல்ல சம்பளக்காரர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவதால், வாயை மூடிக்கொண்டிருப்பவருக்குக் குறைச்சலான சம்பளம்தான் போலிருக்கிறது என்று எச்ஆர் முடிவுகட்டிவிடுகிறார். சட்டம் கேட்பதைத்தான் தடுக்கும்; வலியச் சொல்பவர்களைத் தடுக்காது. மறுப்பவர் யார் என்பதைப் பொறுத்தும் விளைவு மாறுகிறது. பேஸ்கேல் நிறுவனம் 2017இல் எடுத்த கருத்துக்கணிப்பில், சொல்ல மறுத்த ஆண்களுக்குச் சொன்ன ஆண்களைவிட 1.2 சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருந்தது. மறுத்த பெண்களுக்கோ சொன்ன பெண்களைவிட 1.8 சதவீதம் குறைவு. அவர் மறுத்தால் சாமர்த்தியம், இவர் மறுத்தால் பிடிவாதம். வெறும் மறுப்பை யாருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான்.

பழைய எண்ணுக்குப் பதில் கேட்கும் எண்ணைச் சொல்வது

என் ஓட்டு இதற்கு. கேள்வியைத் தட்டிக்கழிப்பது இல்லை இது. முதல் எண்ணை வைப்பது நாமாக இருப்பது. சக்கரத்தை நாம் சுற்றுகிறோம். போனில் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"கரண்ட் சிடிசி சொல்லுங்க சார்."

"இந்த ரோலுக்கு நான் 160லேருந்து 180 எதிர்பார்க்கிறேன் மேடம். உங்க பட்ஜெட் அதுக்குள்ள வருதா?"

"அது சரி சார், இப்போ எவ்வளவு வாங்குறீங்க?"

"இப்போ பார்க்கிற வேலையும் இதுவும் ஒண்ணு இல்லையே. இங்க பொறுப்பு அதிகம். அதனாலதான் இந்த வேலைக்கு என்னன்னு பேசலாம்னு பார்க்கிறேன். ஆஃபர் ஃபைனல் ஆனதும் பே ஸ்லிப் கண்டிப்பா தர்றேன்."

இதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். நான்கைந்து நொடிதான், நாற்பது நொடி போலிருக்கும். அதை நிரப்பத் தோன்றும். வாய் தானாகத் திறந்து பழைய எண்ணைச் சொல்லப் பார்க்கும். என் முதல் முயற்சியில் அப்படித்தான் உளறினேன், அதுவும் "சும்மா உங்க தகவலுக்கு" என்ற முன்னுரையோடு. இரண்டாவது முறை உதட்டைக் கடித்துக்கொண்டேன். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்க பேண்ட் 145 டு 170 சார்" என்றார். பேண்ட் என்பது அந்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் சம்பள வரம்பு.

வீட்டுப்பாடம் செய்யாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. நாம் சொல்லும் எண் சந்தைக்குக் கீழே இருந்தால் பழைய சம்பளத்தைச் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ரொம்ப மேலே இருந்தால் அடுத்த போன் வராது. அதே வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம், முக்கியமாக அந்த நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர்களிடம், கூச்சப்படாமல் கேட்க வேண்டும். "நீ எவ்வளவு வாங்குற?" என்று கேட்டால் நெளிவார்கள். "இந்த வேலைக்கு 160 கேட்டா அதிகமா?" என்று கேட்டால் தாராளமாகப் பேசுவார்கள். கன்சல்டன்சி மூலம் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி: பல கன்சல்டன்சிகளுக்குக் கூலியே நம் முதல் வருஷச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்றுதான். பேண்ட் என்னவென்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிவதுதான் முக்கியம், நமக்குக் கூடுதலாக ஐந்து கிடைப்பது இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

ஏற்றிச் சொல்வது

100ஐ 130 என்று சொல்வது. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்று பிடிபட மூன்று வாசல்கள் இருக்கின்றன. பிரிட்டனில் வேலையை விட்டு வரும்போது கொடுக்கும் பி45 படிவத்திலேயே அந்த வரி ஆண்டில் அதுவரை வாங்கிய சம்பளம் இருக்கும். அமெரிக்காவில் எக்விஃபாக்ஸ் நிறுவனத்தின் 'தி வொர்க் நம்பர்' என்ற தரவுத்தளம் வேலை, வருமான விவரங்களை வைத்திருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஏற்றிச் சொல்லி ஆஃபர் லெட்டரும் வாங்கி, பழைய இடத்தில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டார். பே ஸ்லிப் கேட்டு மெயில் வந்த நாளில் ஆஃபர் போய்விட்டது. பழைய இடத்தில் அவருடைய நாற்காலிக்கு ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டிருந்தார்கள்.

ஏற்றிச் சொல்வதும் முழுக் கணக்கைச் சொல்வதும் ஒன்றல்ல. அடிப்படைச் சம்பளத்தோடு போனஸ், இன்சூரன்ஸ், இன்னும் கைக்கு வராத பங்குகள், அடுத்த மாதம் வரவேண்டிய ஹைக் எல்லாம் சேர்த்துத்தான் நாம் விட்டுவிட்டு வரும் தொகை. அவற்றைத் தனித்தனியாக, பெயரோடு சொன்னால் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. போனஸ் வர இரண்டு மாதமே பாக்கி என்று எழுதிக் கேட்டு, அந்தத் தொகையை ஜாயினிங் போனஸாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய எண்ணைச் சொல்வது நமக்கு லாபமாக இருக்கும் இடம் இது. இங்கே மூடி மறைப்பதுதான் நஷ்டம்.

ஆக, ஒளிப்பதா சொல்வதா என்பதைவிட எப்போது சொல்வது என்பதில்தான் விஷயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மாசசூசெட்ஸ் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது: சம்பளம் பேசி முடித்து ஆஃபர் கொடுத்த பிறகு, பழைய சம்பளத்தைக் கேட்கவோ சரிபார்க்கவோ நிறுவனத்துக்குத் தடை இல்லை. அதற்குள் எண் முடிவாகிவிட்டது. பே ஸ்லிப்பைப் பார்த்து எச்ஆர் மனதுக்குள் கொஞ்சம் வருத்தப்படலாம், அவ்வளவுதான். அதே பே ஸ்லிப் முதல் போனில் போனால் அது விலைச்சீட்டு.

ஆன்லைன் படிவத்தில் கட்டாயக் கட்டம் வைத்திருப்பவர்களிடம் எந்தச் சாமர்த்தியமும் எடுபடுவதில்லை. சிலர் 0 அல்லது 1 என்று போட்டுவிட்டுக் குறிப்புக் கட்டத்தில் "நேரில் பேசலாம்" என்று எழுதுகிறார்கள். வெளிப்படையாகவே போலியான எண் என்பதால் அது பொய்யில் சேராது. ஆனால் சில மென்பொருள்கள் அதை அப்படியே வடிகட்டித் தள்ளிவிடவும் கூடும். வேலை உடனே வேண்டும், கையில் வேறு ஆஃபர் இல்லை, வாடகை நாள் நெருங்குகிறது என்றால் உண்மை எண்ணைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே எதிர்பார்ப்பையும் போட்டு நகர்ந்துவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. பேரம் பேசும் தெம்பு வேறு வாய்ப்பு இருப்பவருக்குத்தான் வரும். வாய்ப்பு இல்லாதவருக்கு இந்தக் கட்டுரை உபதேசம் செய்வது அழகல்ல.

கடைசியாக நான் வேலை தேடியபோது மூன்று இடங்களில் மூன்றாவது வழியைப் பிடித்தேன். முதல் இடம் பேண்டைச் சொன்னது, அங்கேதான் இப்போது இருக்கிறேன். இரண்டாவது இடத்தின் பேண்ட் என் பழைய சம்பளத்துக்கும் கீழே இருந்தது. சிரித்துக்கொண்டே போனை வைத்தோம். மூன்றாவது இடத்தில் பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார். "நம்பர் இல்லாம ஃபைல் நகராது சார், சிஸ்டம் அப்படி" என்றார். ஆஃபர் வந்ததும் பே ஸ்லிப்பே தருகிறேன் என்றேன். "செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேன்" என்றார். கூப்பிடவில்லை.