ஈஸ்ட்: ஒன்பது வருடம் புழங்கிய பிறகு

பிஎச்டி சேரப்போகிற தம்பி ஒருவன், "அக்கா, ஆராய்ச்சிக்கு ஈஸ்ட் (ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) எடுக்கலாமா, எலி எடுக்கலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் ஈஸ்ட் வளர்த்த மூன்று பிளேட்டைக் குப்பையில் போட்டிருந்தேன்.

ஈஸ்ட்டுக்கு 16 குரோமோசோம், சுமார் 6,000 மரபணு, 1996-லேயே முழு டிஎன்ஏ வரிசையும் வந்தாயிற்று, இதெல்லாம் உனக்கே தெரியும் தம்பி. ஒரு மரபணுவை நீக்க வேண்டுமா? இரு முனையிலும் நாற்பது டிஎன்ஏ எழுத்து பொருந்துகிற மாதிரி பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) ஒரு துண்டு செய்து உள்ளே விட்டால் போதும், இடம் தேடி அதுவே உட்கார்ந்துகொள்ளும். இந்தத் திங்கள் ஆரம்பித்தால் அடுத்த திங்கள் ஸ்டிரெய்ன், அதாவது அந்த மரபணு இல்லாத ஈஸ்ட் வகை, கையில். எலிக்காரர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள்.

என் வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான். மரபணு போய் நோஞ்சானான ஈஸ்ட், நோஞ்சானாகவே இருக்காது. 10 மில்லி கல்ச்சரில் (ஈஸ்ட் வளரும் திரவம்) ஒரே இரவில் நூறு கோடி செல். அதில் ஏதோ ஒன்றில் வேறெங்கோ ஒரு மாற்றம் விழுந்து பழைய குறையை ஈடுகட்டிவிடும். மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு வளரும். சப்ரெஸர் என்போம். பிளேட்டில் ரவை ரவையாகக் கிடக்கும் காலனிகளுக்கு (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள்) நடுவே கடுகு அளவில் நாலு தெரியும். முதல் வருடம், கொழுத்ததாகப் பார்த்து ஆசையாக எடுத்து வளர்த்தவள் நான். மூன்று மாதம் அளந்தது என் மரபணுவின் கதையே இல்லை.

சப்ரெஸரைத் துரத்தினால் நம் மரபணுவோடு சேர்ந்து வேலை செய்யும் கூட்டாளி மரபணு மாட்டும் என்பார்கள். மாட்டியது, என் இரண்டாவது பேப்பரே அதுதான். கோபம் மட்டும் போகவில்லை. புது ஸ்டிரெய்ன் வந்த அன்றே கிளிசராலில் (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடு. ஃபிரிட்ஜில் கிடக்கும் பழைய பிளேட்டை நம்பாதே.

நியாயமும் பேச வேண்டும். 1987-ல் பால் நர்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் ஆய்வகத்தில், செல் பிரிவதை நடத்தும் சிடிசி2 மரபணு பழுதான பிளவு ஈஸ்ட்டுக்குள் (நம்முடையதற்குத் தூரத்துச் சொந்தம்) மனித மரபணுக்களை விட்டுப் பார்த்தார்கள். அதில் ஒன்று அந்தச் செல்லைப் பிழைக்கவைத்து, இரண்டாகப் பிரியவும் வைத்தது. பிரிந்து நூறு கோடி வருடம் ஆன பங்காளி வீட்டுச் சாவி இந்த வீட்டுப் பூட்டைத் திறக்கிறது! எலியை வைத்து இத்தனை சுளுவாக இதைக் காட்டியிருக்க முடியுமா?

சரி, என் பதில்: எலியே எடு. மறுபடி கேட்பதென்றால் வியாழக்கிழமைக்கு மேல் கேள். புதன் இரவு புது பிளேட் பார்க்கணும், அதுவரை என் வாயில் நல்ல வார்த்தை வராது.