"100% இயற்கை" என்று ஒட்டிய பாட்டில்: வடசென்னையில் எசென்ஷியல் ஆயில் வாங்குபவர்கள் கவனிக்க

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வீட்டிலேயே எசென்ஷியல் ஆயில் கலவைகள் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், கெமிக்கல் இல்லாத வாழ்க்கைக்கு மாறுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள் என்று. எசென்ஷியல் ஆயில் என்றால் இலை, பூ, பட்டையிலிருந்து எடுக்கும் வாசனைச் சாரம். வகுப்புக்கு 1,500 ரூபாய். பன்னிரண்டு சின்ன பாட்டில் வைத்த கிட் 3,600 ரூபாய். நானும் என் நாத்தனாரும் போனோம், பணத்தையும் கட்டினோம். பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். நாத்தனார் கழுத்தில் வந்த கருமை இன்னும் போகவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு. விற்றவர் பெயரைப் போடவில்லை, புகார் போயிருக்கிறது. எப்படியும் நாளைக்கு வேறு பெயரில், வேறு குழுவில் வருவார்கள். ஆளைவிடச் சரக்கை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உபயோகம்.

எங்கள் பக்கம் இதற்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று மற்ற ஏரியாக்காரர்கள் கேட்கலாம். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் ராத்திரியில் கேஸ் நாற்றம். கால்வாய் ஓரத்து வீடு என்றால் பொழுது சாய்ந்த பிறகு ஜன்னலைத் திறக்க முடியாது, அப்படி ஒரு கொசு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் பக்கத்து வீடுகளுக்குள் வந்ததே, அந்த வாடையை அனுபவித்தவர்களிடம் "ரூம் ஸ்ப்ரே, நேச்சுரல்" என்று ஒருத்தர் சொன்னால் கை தானாகப் பர்ஸுக்குத்தான் போகும்.

வகுப்பு பெரம்பூரில் ஒரு மாடி ஹாலில் நடந்தது. நடத்திய அம்மா நன்றாகப் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. கடையில் வாங்கும் சோப்பு, ஷாம்பு, தரை துடைக்கிற லிக்விட் எல்லாமே விஷம் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு எண்ணெயும் என்னென்ன தீர்க்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பொடுகுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. சர்க்கரை இருப்பவர்கள் உள்ளங்காலில் தடவ ஒன்று! சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அங்கே மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் கேட்டார், "மேடம், எத்தனை சொட்டு போடணும்?" வந்த பதில்: "இயற்கைதானே சிஸ்டர், அளவெல்லாம் பார்க்க வேண்டாம். வாசனை பிடிக்கிற அளவுக்குப் போடுங்க."

மொத்த ஆபத்தும் இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. எசென்ஷியல் ஆயில் என்பது தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற எண்ணெயே இல்லை. கிலோ கணக்கில் இலையையும் பட்டையையும் நீராவியில் வடித்து எடுத்த சாரம் அது. உடம்பில் தடவும் எண்ணெயில் அது 1 முதல் 2 சதவீதம் இருந்தால் போதும், முகத்துக்கு அதைவிடக் குறைவு. 20 சொட்டு ஏறத்தாழ 1 மில்லி. அப்படியென்றால் 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 20 முதல் 40 சொட்டு, அவ்வளவுதான். கிராம்பு, பட்டை மாதிரி காரமான சரக்கு என்றால் அதிலும் பல மடங்கு குறைக்க வேண்டும். லவங்கப்பட்டையிலிருந்து எடுத்த எண்ணெயைத் தோலில் போடாமல் இருப்பதே நல்லது.

அந்த வகுப்பில் செய்யச் சொன்ன "கழுத்து வலி ரோல்-ஆன்" என்ன தெரியுமா? 10 மில்லி பாட்டிலில் பாதிக்குக் கிராம்பும் பட்டையும், மீதிப் பாதிக்குத் தேங்காய் எண்ணெய்.

நாத்தனார் எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க நின்றபடி புடவையை எடுத்துப் போடுவதும் மடிப்பதும்தான் வேலை, கழுத்து வலிக்காமல் என்ன செய்யும். ராத்திரி அந்த ரோல்-ஆனைத் தடவிக்கொண்டு படுத்தார். எரிகிறது என்றார். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என வகுப்பிலேயே சொல்லி வைத்திருந்ததால் பொறுத்துக்கொண்டார். விடிகாலையில் எழுப்பி, "அண்ணி, இங்க பாருங்களேன்" என்று முடியைத் தூக்கிக் காட்டினபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்கழுத்து முழுக்கச் சிவந்து, உருளை ஓடின தடமெல்லாம் பட்டை பட்டையாகத் தடித்து, தாலிச் சரடு உரசுகிற இடத்தில் கொப்புளம்.

தண்ணீர் விட்டுக் கழுவினால் இது போகாது. முதலில் சாதாரண சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தெடுத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இது எங்களுக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும். வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வகுப்பு நடத்தியவருக்குப் போட்டோ அனுப்பினோம். வாய்ஸ் மெசேஜ் வந்தது: "பயப்படாதீங்க சிஸ்டர், உள்ள இருக்கிற டாக்ஸின் எல்லாம் வெளிய வருது. விடாம போடுங்க, தானா அடங்கிடும்." வெந்துபோன தோலின் மேல் அதே சரக்கை இன்னும் போடச் சொல்கிறார். அந்த மெசேஜை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தோல் டாக்டர் பார்த்தவுடனே கேட்ட முதல் கேள்வி, "இதில் என்னென்ன இருக்கு?" பாட்டிலை நீட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் லேபிள், ஒரு இலைப் படம், "100% நேச்சுரல், நோ கெமிக்கல்". வேறு ஒன்றும் இல்லை. என்ன சேர்த்திருக்கிறது, எப்போது செய்தது, எது வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், யார் செய்தது, எதுவும் கிடையாது. அவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, பட்டை அதிகமாகப் பட்டால் தோல் இப்படித்தான் வெந்துபோகும் என்றார். அதைவிடக் கவலையாக இன்னொன்றும் சொன்னார். ஒருமுறை இதற்கு ஒவ்வாமை ஒட்டிக்கொண்டால் அப்புறம் பட்டை வாசனை சேர்த்த பற்பசை, சென்ட், சோப்பு எது பட்டாலும் தோல் எதிர்த்துக் கிளம்பலாமாம். அது வாழ்நாள் முழுக்க இருக்கலாமாம். புண் முழுதாக ஆறின பிறகு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார்.

கிட்டில் மீதி இருந்ததை எடுத்துக்கொண்டு பார்க் டவுன் ராசப்பா செட்டி தெருவுக்குப் போனேன். நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. எங்கள் அம்மா வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் வயதான ஒருத்தர் இருக்கிறார். பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து, மூடியை மட்டும் மூக்கருகில் கொண்டுபோய், இரண்டு கூறாகப் பிரித்து வைத்தார். இந்தப் பக்கம் யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா, கிராம்பு, பட்டை, ஆரஞ்சு. அந்தப் பக்கம் சந்தனம், ரோஜா, மல்லி, லாவெண்டர், தாமரை, அப்புறம் ஸ்ட்ராபெர்ரி.

"இதெல்லாம் அசல்தாம்மா, மலிவான சரக்கு. அதெல்லாம் ஊதுபத்திக்குப் போடுற வாசனைக் காம்பவுண்டு, செயற்கைக் கலவை" என்றார்.

பிறகு ஒரு பில் காகிதத்தைக் கிழித்து, எலுமிச்சைப்புல் ஒரு சொட்டு, "ரோஜா" ஒரு சொட்டு விட்டு, பேனாவால் இரண்டையும் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். ஃபேன் அடியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து வைத்தேன். ராத்திரிக்குள் எலுமிச்சைப்புல் வட்டத்தில் தடம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ரோஜா வட்டத்தில் மறுநாளும் காகிதம் அப்படியே எண்ணெய்ப் பிசுக்கோடு, பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக இருந்தது. ஊதுபத்தித் தொழிலில் வாசனைக் காம்பவுண்டை டி.ஈ.பி. என்ற திரவத்தில் கலந்துதான் குச்சியை முக்குவார்கள். அது லேசில் ஆவியாகாது. ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் காகிதச் சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சந்தனம், வெட்டிவேர் எல்லாம் கனமான எண்ணெய், அசலாக இருந்தாலும் கறை நிற்கும். ஸ்பிரிட் கலந்த போலி சட்டென்று பறந்து நல்ல பெயர் வாங்கிவிடும்.

அதைவிட எளிய சோதனை விலைப்பட்டியல். அந்தக் கிட்டில் பன்னிரண்டு பாட்டிலும் ஒரே விலை. பாட்டிலுக்கு 300 ரூபாய், எலுமிச்சைப்புல்லுக்கும் ரோஜாவுக்கும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் வடிக்க மூன்று நான்கு டன் இதழ் வேண்டும். எலுமிச்சைப்புல் வரப்பிலேயே விளையும். இரண்டும் ஒரே விலைக்கு எப்படி வரும்? மல்லி இன்னும் வேடிக்கை. மல்லிகையை நீராவியில் வடித்தால் அந்த மணம் தேறாது. கரைப்பானில் ஊறவைத்து, கான்கிரீட் என்கிற கெட்டிச் சரக்காக எடுத்து, அதிலிருந்து அப்சல்யூட் பிரிப்பார்கள். நம்ம சத்தியமங்கலம் பக்கமே இந்தத் தொழில் நடக்கிறது. மல்லியின் அப்சல்யூட் 10 மில்லி 300 ரூபாய்க்குக் கிடைத்தால் எனக்கும் ஒரு லிட்டர் சொல்லுங்கள். ஸ்ட்ராபெர்ரியிலோ ஆப்பிளிலோ எசென்ஷியல் ஆயில் என்று ஒன்று எடுப்பதே கிடையாது. அந்தப் பெயரில் ஒரு பாட்டில் இருந்தாலே அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம்.

மலிவுச் சரக்கை அசலாகவும் விலை உயர்ந்ததைப் போலியாகவும் கொடுத்ததுதான் இவர்களின் சாமர்த்தியம். சந்தேகப்பட்டுக் கேட்டால் அசலை எடுத்து நிரூபித்துவிடுவார்கள். கிட் வந்த தெர்மாகோல் பெட்டியில் ஆரஞ்சு பாட்டில் கசிந்து, அந்த இடத்தில் தெர்மாகோல் கரைந்து குழி விழுந்திருந்தது. "பாருங்க, எவ்வளவு பவர்ஃபுல்!" என்றார்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கும், உண்மைதான். பெயிண்ட் தின்னரும் கரைக்கும்.

நாத்தனாரைச் சுட்டது போலி இல்லை, அசல் பட்டை எண்ணெய் என்பதையும் கவனியுங்கள். அசல் என்பதாலேயே பத்திரம் என்று ஆகாது. எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால், சூரிய ஒளி பட்டு அந்த இடம் வெந்து கறுக்கும். இவர்கள் அதை "பளபளப்பு சீரம்" என்று விற்கிறார்கள்.

குழந்தைகள் விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைக்குழந்தைக்குச் சளி என்றால் யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்து மூக்கடியில் தடவச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் தம்பி குழந்தைக்கு எட்டு மாதம். அம்மா பாட்டிலைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார், "மூச்சு முட்டும்டி" என்று. அம்மா சொன்னதுதான் சரி. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் மூக்கருகில் இவற்றைக் கொண்டுபோகவே கூடாது. கற்பூரமோ யூகலிப்டஸ் எண்ணெயோ கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொசு லிக்விட் என்று இன்னொரு சரக்கு. பிரபல கம்பெனிகளின் காலி ரீஃபில் பாட்டிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து அடைத்துக் கொடுத்தார்கள். திறந்தாலே மண்ணெண்ணெய் வாடை. மெஷினில் போட்டால் திரி கறுத்து, கட்டிதட்டி, புகைய ஆரம்பித்தது. தீப்பிடிக்கிற பொருளை ராத்திரி முழுக்கச் சூடேறும் மெஷினில் மாட்டிவிட்டுத் தூங்குவதற்குக் கொசுக்கடியே மேல். கையில் தடவும் சிட்ரோனெல்லா எண்ணெயும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும், அப்புறம் பறந்துவிடும். டெங்குக் காலத்தில் அதை நம்பிப் பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடாதீர்கள்.

வகுப்பு நடத்திய அம்மாவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "யூஸ் பண்ண பாட்டிலை எடுக்க மாட்டோம்" என்றார். திறக்காத பாட்டில்களையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். எனக்காகக் கேட்ட இன்னும் இரண்டு பேரையும் தூக்கினார். பில் கிடையாது. ஜிபேயில் பணம் போனது சம்பந்தமே இல்லாத ஒரு ஆளின் சொந்தக் கணக்குக்கு.

விற்பதற்காக அழகுப் பொருள் தயாரிப்பவர் வீட்டில் செய்தாலும் உரிமம் வாங்கியே ஆக வேண்டும். 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டமும், அதன் கீழ் வந்த 2020ஆம் ஆண்டு விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. லேபிளில் உரிம எண், தயாரித்தவர் பெயர், முகவரி, எது வரைக்கும் பயன்படுத்தலாம் எல்லாம் இருக்க வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் பதிந்தாயிற்று. அது சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதே கிட்டை வாங்கியவர்கள், மஞ்சள் லேபிள், மூடியில் பச்சை ரப்பர் வைத்தது, பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கோபத்தில் சிங்க்கிலும் கொட்டிவிடாதீர்கள். இறுக்கி மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். லேபிளை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள், குழுவிலிருந்து தூக்குகிற நேரத்தில் அவர்கள் பக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். தோலில் ஏதாவது ஆகியிருந்தால் டாக்டர் சீட்டையும் சேர்த்து வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் புகார் இன்னும் வலுவாக இருக்கும், கருத்தில் எழுதுங்கள், நானே அழைக்கிறேன். அடுத்த வகுப்பு கொளத்தூர் பக்கம் என்று கேள்வி.