நெஞ்சுவலிக்கு ஸ்டென்டா, மாத்திரையா: டெல்லியில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன், இதில் குழம்பினால் உயிருக்கே ஆபத்து. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வியர்த்து, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால் இந்த ஒப்பீடெல்லாம் உங்களுக்கு இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மாரடைப்பில் சீக்கிரம் வைக்கும் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய்) உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் இரண்டு கருத்து கிடையாது.

நான் பேசப்போவது இன்னொரு வகை வலி. முனிர்காவில் மூன்று மாடி ஏறினால் நெஞ்சு பிடிக்கும், நின்று மூச்சு வாங்கினால் போய்விடும், பல மாதமாக இப்படியே ஒரே மாதிரி இருக்கும். இல்லையென்றால் வலியே இருக்காது, மாஸ்டர் செக்கப்பில் ட்ரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ் என்று வரும், அப்புறம் ஆஞ்சியோ, அதாவது சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது. அங்கேதான் எனக்கு அந்த போன் வரும், ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் கேத் லேப் வாசலில் இருந்து: "மாமா, எண்பது பர்சென்ட் அடைப்பாம், உடனே போட்டுடலாம்னு சொல்றாங்க, கையெழுத்து போட்டுடவா?" நோயாளி உள்ளே மேஜையில் படுத்திருக்கிறார், வெளியே மகன் பேனாவோடு நிற்கிறான். இவ்வளவு பெரிய முடிவை எடுக்க இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது.

இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துத்தான் 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2020-ல் வெளிவந்தன. 37 நாடுகளில் 5,179 பேர், எல்லோருக்கும் இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று டெஸ்டில் தெரிந்தது, அதுவும் லேசாக இல்லை, மிதமானதிலிருந்து கடுமையானது வரை. ஒரு பாதிப் பேருக்கு மாத்திரையோடு ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்டோ பைபாஸோ. மறு பாதிக்கு மாத்திரை மட்டும், அது போதாமல் போனால்தான் ஆஞ்சியோ. மூன்று வருடத்துக்கு மேல் பார்த்தும் இறப்பிலோ மாரடைப்பிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2022-ல் வந்த தொடர்ச்சியில், ஏழு வருடக் கணக்கில் இறந்தவர்கள் ஆஞ்சியோ பக்கம் 12.7%, மாத்திரைப் பக்கம் 13.4%. இதயத்தால் வந்த இறப்பு ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் குறைவு, மற்ற காரணங்களால் வந்தது அந்தப் பக்கமே அதிகம், மொத்தத்தில் ஒன்றாகிவிட்டது.

எண்பது சதவீத அடைப்பைத் திறந்துவிட்டும் ஏன் ஆயுள் கூடவில்லை? தண்ணீர்க் குழாயில் அழுக்கு அடைத்த மாதிரி நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மாரடைப்பு பல நேரம், படத்தில் சாதாரணமாகத் தெரிந்த ஒரு சின்னப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் விரிக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை எல்லாம் எல்லா ரத்தக்குழாய்க்கும் சேர்த்து வேலை செய்கின்றன.

சரி, அப்போது ஸ்டென்ட் வீணா? இல்லவே இல்லை. வலி குறைவதில் அது தெளிவாக முந்துகிறது. அதே ஆய்வில் தினமும் அல்லது வாராவாரம் வலி வந்தவர்களில், ஒரு வருடம் கழித்து வலியே இல்லாமல் இருந்தவர்கள் ஆஞ்சியோ பக்கம் பாதிப் பேர், மாத்திரைப் பக்கம் ஐந்தில் ஒருவர்தான். மாடி ஏற முடியாமல் வீட்டிலேயே முடங்கியவருக்கு இது மிகப் பெரிய விஷயம். வலியே இல்லாமல் வந்தவர்களுக்கோ ஸ்டென்டால் அந்தப் பக்கமும் லாபம் இல்லை. பிரிட்டனில் 2023-ல் முடிந்த 'ஆர்பிட்டா-2' ஆய்வில் 301 பேருக்கு, யாருக்கு ஸ்டென்ட், யாருக்குப் போலிச் சிகிச்சை என்று தெரியாமலே செய்து பார்த்தார்கள், வலிக்கான மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு. ஸ்டென்ட்தான் ஜெயித்தது, ஆனாலும் அது வைத்தவர்களில் வலி முழுதாகப் போனது 40% பேருக்குத்தான்.

பணத்துக்கு வருவோம், எனக்கு மனசு ஆறாத இடம் இது. மருந்து பூசிய ஸ்டென்ட் முன்பு ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது. 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. நல்ல முடிவு. ஆனால் அது ஸ்டென்டுக்கு மட்டும்தான், கேத் லேப், பலூன், டாக்டர் கட்டணம் எல்லாம் தனி. எழுபது தாண்டியவர்களுக்கு இலவச ஆஸ்பத்திரிச் சிகிச்சை தரும் அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2025-ல் டெல்லிக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தத் திட்டம் அட்மிஷனுக்கானது, டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்தோடு நின்றுவிடும். அதாவது ஸ்டென்ட் இலவசம், வருடக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரை உங்கள் கைக்காசு. ஸ்டென்ட் வைத்தாலும் அதே மாத்திரைகள் உண்டு, கூடவே ரத்தம் உறையாமலிருக்க இரண்டாவது மருந்து பல மாதம். உயிரைக் காப்பதில் இரண்டும் சமம் என்று ஆய்வு சொல்லும்போது, ஒன்றுக்கு மட்டும் காசு கொடுக்கும் திட்டம் ஏழை நோயாளியை ஆபரேஷன் பக்கமே தள்ளுகிறது. வெளிநோயாளிக்கான மாத்திரையையும் சேர்த்தே ஆகவேண்டும்.

மத்திய அரசில் இருந்து ரிட்டையரான நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: சிஜிஹெச்எஸ்ஸா (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்), எழுபதுக்கு மேல் இந்த அட்டையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் சிஜிஹெச்எஸ்ஸை விடாதீர்கள். டிஸ்பென்சரி வரிசை எரிச்சல்தான், ஆனால் மாசாமாசம் மாத்திரை அங்கேதான் கிடைக்கிறது.

என் தேர்வு இதுதான். டெஸ்டில் மட்டும் தெரிந்து, வலி இல்லையென்றால் மாத்திரை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் நடக்க விடாமல் வலி வந்தால் ஸ்டென்ட், தயங்க வேண்டாம். இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்போ, இதயம் ரொம்ப பலவீனமோ இருந்தால் இந்த ஆய்வு பொருந்தாது, அப்படிப்பட்டவர்களை அதில் சேர்க்கவே இல்லை. ஆகவே ஆஞ்சியோவுக்குப் போவதற்கு முந்தின நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்: "படம் மட்டும் எடுங்க சார், அவசரம்னா ஒழிய மத்ததை வெளியே வந்து பேசிக்கலாம்." அப்புறம் சிடியைக் கேட்டு வாங்கி, எய்ம்ஸிலோ ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியிலோ இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.