வாசல்ல சிவப்பு பெயிண்ட், பெட்டிக்குள்ள யாரோ ஓட்டி முடிச்ச ஹார்ட் டிஸ்க்

2025 மார்ச் மாசம் ஒரு சனிக்கிழமை, விடியக்காலைல அஞ்சே முக்காலுக்கு அம்மாகிட்டேருந்து போன். அந்த நேரத்துல போன் வந்தாலே வயிறு கலங்கும்ல. அப்பாவுக்கு ஏதோன்னு நெனச்சு எடுத்தா, "வாசல்ல யாரோ பெயிண்ட ஊத்திட்டுப் போய்ட்டாண்டி"ன்னு அழுறாங்க. சிங்கப்பூர் ஈசூன்ல நாலறை வீடு, இருவது வருஷமா அங்கதான் இருக்காங்க, ஒருத்தர்கிட்ட ஒரு வெள்ளி (டாலர்) கடன் வாங்குனது கிடையாது. கேட், செருப்பு அலமாரி, அம்மாவோட கறிவேப்பிலைத் தொட்டி வரைக்கும் சிவப்பு. சுவத்துல யாரோ ஒரு சீனப் பேரு, பக்கத்துல யூனிட் நம்பர். ஆ லோங், அதாவது சட்டவிரோதமா வட்டிக்கு விடுறவன், அவன் வேலைன்னு பாத்தவுடனே தெரியும், எவனோ கடன் வாங்கும்போது எங்க வீட்டு நம்பரை எழுதிக் குடுத்திருக்கான், அவ்ளோதான்.

நான் பொங்கோல்லேருந்து டாக்சி புடிச்சு ஓடுனேன். வழியெல்லாம் ஒரே ஒரு தைரியம், கேமரா இருக்கு. போலீஸும் வந்து மொதல்ல கேட்டது அதைத்தான், ரெக்கார்டிங் இருக்கா மேடம்னு. இருக்கே, நாலு கேமரா, போன்ல ஆப்பைத் தொறந்தா இப்பவும் காரிடார் பளிச்சுன்னு தெரியுதே, அந்த போலீஸ்காரரே ஸ்க்ரீன்ல தெரியுறாரே. ரெக்கார்டர் மெனுல பிளேபேக் போய் தேதியத் தொட்டேன். எதுவும் இல்ல. முந்தின நாள், இல்ல. முந்தின வாரம், இல்ல. பிப்ரவரி ரெண்டாந்தேதிக்கு அப்புறம் ஒரு நிமிஷம்கூட பதிவாகல. ஆறு வாரமா வெறும் ஜன்னல் மாதிரி கேமரா வேலை செஞ்சிட்டிருந்திருக்கு.

இதை யாரும் நமக்கு சொல்றதில்ல. லைவ்ல படம் தெரியுறதுக்கு ஹார்ட் டிஸ்க்கே தேவையில்ல. டிஸ்க் செத்தாலும் போன்ல படம் வரும், ஆளு நடமாடுனா நோட்டிஃபிகேஷன் வரும், எல்லாம் நல்லாருக்குன்னு நாம நிம்மதியா தூங்குவோம். அதனாலதான் ஏமாத்துறவனுக்கு கேமராவை விட டிஸ்க்ல கை வைக்கிறது ஈஸி, கேமரா மட்டமா இருந்தா அன்னிக்கே கண்ணுக்குத் தெரிஞ்சிரும், டிஸ்க் மட்டமா இருந்தா என்னிக்கு வேணுமோ அன்னிக்குத்தான் தெரியும்.

கேமரா மாட்டுனது அதுக்கு முந்தின தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடி. 2023 மே மாசத்துலேருந்து காரிடார் பாத்து கேமரா வைக்க அனுமதி கேக்க வேணாம், எதிர் வீட்டுக் கதவையோ ஜன்னலையோ பாக்காம இருந்தா சரின்னு வீடமைப்புக் கழகம், எச்டிபி, தளர்த்திட்டாங்கள்ல, அதுலேருந்தே அம்மா கேட்டுட்டிருந்தாங்க. உண்மையச் சொன்னா திருடன் பயமெல்லாம் இல்ல, தொட்டிலேருந்து கறிவேப்பிலையக் கிள்ளுறது யாருன்னு பாக்கணும். ஒரு வாட்ஸாப் குரூப்ல நம்பர் கெடச்சுது. நம்ம ஆளுதான், தமிழ்ல நல்லாப் பேசுனாரு, என்னை அக்கான்னாரு, அம்மா தம்பி தம்பின்னு டீ போட்டுக் குடுத்தாங்க. நாலு கேமரா, ரெக்கார்டர், 4 டிபி ஹார்ட் டிஸ்க், வயரிங் எல்லாம் சேத்து 780 வெள்ளி, பேநவ்ல, அதாவது போன்லயே பேங்க் மூலமா, அனுப்புனேன். ஒரு மாசம் ரெக்கார்டிங் நிக்கும் அக்கான்னாரு. கொட்டேஷன்ல "4 டிபி ஹார்ட் டிஸ்க்"னு மட்டும் இருந்துச்சு, என்ன கம்பெனி, என்ன மாடல், எதுவும் இல்ல. கேமராவுக்கு மட்டும் மாடல் நம்பர் அவ்ளோ பெருசா எழுதியிருந்துச்சு. அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும்.

சரி, பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு சாயங்காலம் தம்பி, என் சொந்தத் தம்பி, ரெக்கார்டர் மெனுல மெயின்டனன்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்க டிஸ்க்கோட ஸ்மார்ட் விவரம்னு ஒண்ணு வரும், அதைத் தொறந்தான். டிஸ்க் பொறந்ததுலேருந்து எத்தனை மணி நேரம் ஓடிருக்குன்னு அதுல கணக்கு இருக்கும், காருக்கு மைலேஜ் மாதிரி. பவர் ஆன் அவர்ஸ் 33,918. எங்க வீட்டுல ஓடுனது அஞ்சு மாசம்கூட ஆகல, ராப்பகலா ஓடுனாலும் 3,500 மணி நேரம்தான் வரும். மிச்சம் முப்பதாயிரம் மணி நேரம், கிட்டத்தட்ட மூன்றரை வருஷம், வேற எங்கயோ ஏதோ கடைலயோ ஆபீஸ்லயோ ஓடி முடிச்ச டிஸ்க். ரீஅலக்கேட்டட் செக்டர்னு ஒரு வரி, அதாவது கெட்டுப்போன இடத்துக்கு பதிலா மாத்து இடம் எடுத்துக்கிட்ட எண்ணிக்கை, ஆயிரத்தைத் தாண்டி நிக்குது. டிஸ்க்கைக் கழட்டி மேல ஒட்டிருந்த சீரியல் நம்பரை தயாரிப்பாளர் தளத்துல போட்டா வாரண்டி எப்பவோ முடிஞ்சிருச்சுன்னு வருது. புதுசுன்னு காசு வாங்கி மாட்டுனது.

இதுல என்னால தாங்க முடியாதது வேற ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி அம்மா மெதுவா வந்து, "அந்தப் பெட்டி பிப்ரவரில பீப் பீப்னு கத்திட்டே இருந்துச்சுடி, நான் அந்தத் தம்பிய கூப்ட்டேன், அது வந்து ரெண்டு நிமிஷத்துல நிறுத்திட்டுப் போச்சு, ஒண்ணுமில்லம்மா சூட்டுல அப்படித்தான் கத்தும்னுச்சு"ன்னாங்க. டிஸ்க்ல எரர் வந்தா ரெக்கார்டர் கத்தும், அதுக்குத்தான் அந்த பஸ்ஸரே இருக்கு. எக்செப்ஷன்னு ஒரு மெனுல போய் ஹார்ட் டிஸ்க் எரருக்கு எதிர்ல இருந்த டிக்கை எடுத்து விட்டிருக்கான் அந்தப் பாவி. டிஸ்க் போச்சுன்னு அவனுக்கு அன்னிக்கே தெரியும். டீயும் குடிச்சிட்டுத்தான் போயிருக்கான். அம்மா என்னமோ தன் தப்பு மாதிரி ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

போன் பண்ணேன். மொதல்ல எடுக்கல. அப்புறம் எடுத்து, சப்ளையர் தப்பு அக்கா, ஃப்ரீயா புதுசு மாத்தித் தரேன்னாரு. மாத்துனாரு. இந்த தடவ நான் பக்கத்துலயே நின்னேன், பவர் ஆன் அவர்ஸ் சைபர், சீலு பிரிக்காத கவரு, சரிதான்னு விட்டேன். என் தம்பி வந்து மாடல் நம்பரைப் பாத்துட்டு தலைல கைய வச்சிட்டான். புதுசுதான், ஆனா சாதா கம்ப்யூட்டர்ல போடுற டெஸ்க்டாப் டிஸ்க். கேட்டா "எல்லாம் ஒண்ணுதான் லா அக்கா, கலர்தான் வேற".

ஒண்ணு இல்லங்க. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா எனக்கே இது தெரியாமத்தான் இருந்துச்சு. கேமராக்குன்னே விக்கிற டிஸ்க் இருக்கு, டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக், தோஷிபா எஸ்300, இந்த மாதிரி. நாள் முழுக்க 24 மணி நேரமும் எழுதிட்டே இருக்கத்தான் அதைச் செய்றாங்க, மூணு வருஷ வாரண்டி, பர்ப்பிளும் ஸ்கைஹாக்கும் வருஷத்துக்கு 180 டிபி வரைக்கும் தாங்கும்னு தயாரிப்பாளரே போட்ருக்கான். இப்ப டெஸ்க்டாப் டிஸ்க்கை எடுத்துக்குங்க, சீகேட் பாரகுடாவோட விவரத்தாள்லயே வருஷத்துக்கு 55 டிபி, ஓடுற நேரம் வருஷத்துக்கு 2,400 மணின்னுதான் இருக்கு. ஒரு வருஷத்துல மொத்தம் 8,760 மணி நேரம். நாம அதை நிறுத்தாம ஓட்டப்போறோம்.

எங்க வீட்டுக் கணக்கையே பாருங்க. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ்ல, அதாவது நொடிக்கு 4 மெகாபிட், எழுதுனா ஒரு நாளைக்கு 43 ஜிபி வரும், நாலு கேமராவுக்கு 173 ஜிபி. வருஷத்துக்கு 63 டிபி. 55ஐத் தாண்டிருச்சா? அதே கணக்குல 4 டிபி டிஸ்க் 23 நாளைக்குத்தான் வரும், அவரு சொன்ன ஒரு மாசமே அப்பவே பொய். அதுவும் ரெக்கார்டரை வீடியோவைச் சுருக்குற பழைய முறையான எச்.264லயே விட்டு வச்சிருந்தாரு, எச்.265க்கு மாத்தி பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எழுதுற அளவை, பாதியாக்குனா அதே டிஸ்க் ஒன்றரை மாசம் தாங்கும், காரிடார் படத்துக்கு அதுவே தாராளம். இந்த செட்டிங் மாத்த ரெண்டு நிமிஷம், அதைக்கூட செய்யல.

இன்னொரு வித்தியாசம் எரர் வரும்போது. டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு உங்க ஃபைல்ல ஒரு எழுத்துகூட தப்பாகக் கூடாது, அதனால கெட்ட இடம் வந்தா திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே நிக்கும், அதுக்குள்ள நாலு கேமரா படமும் வரிசைல காத்திருந்து கொஞ்சம் உதிர்ந்து போகும். கேமரா டிஸ்க் அப்படியில்ல, ஒரு ஃப்ரேம் போனா போகட்டும்னு விட்டுட்டு அடுத்ததை எழுதப் போயிரும். அப்புறம் எங்களுக்கு மாட்டுன அந்த 4 டிபி டெஸ்க்டாப் மாடல் எஸ்எம்ஆர் வகையாம், கூரை ஓடு அடுக்குற மாதிரி ஒரு தடத்து மேல இன்னொரு தடம் கொஞ்சம் ஏறி இருக்கும், ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்து ஓட்டையும் கழட்டணும். பழசை அழிச்சு அழிச்சு எழுதிட்டே இருக்குற ரெக்கார்டருக்கு இது வம்பு. வாங்கும்போது சிஎம்ஆரான்னு, அதாவது தடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத வகையான்னு, கேட்டு வாங்குங்க. அட்டை மேல அது எழுதியிருக்காது, விவரத்தாள்லதான் இருக்கும், 2020ல ஒரு பெரிய கம்பெனியே என்ஏஎஸ் (நெட்வொர்க்ல வைக்கிற சேமிப்புப் பெட்டி) டிஸ்க்ல எஸ்எம்ஆர்னு சொல்லாம வித்து மாட்டிக்கிச்சு.

என் சின்னம்மா 90கள்ல அங் மோ கியோ சீகேட் ஃபேக்டரில ஷிஃப்ட் பாத்தவங்க, தலையிலேருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு கண்ணு மட்டும் தெரிய நிப்பாங்களாம். கதையக் கேட்டுட்டு, "ஒரு தூசி படாம நாங்க செஞ்சு அனுப்புவோம், இவனுங்க குப்பையிலேருந்து எடுத்து மாட்டுறானுங்களா"ன்னாங்க. ஃபேக்டரி மூடி பல வருஷம் ஆச்சு, இன்னும் அவங்களுக்குக் கோவம் வருது.

பவர் ஆன் அவர்ஸ் சைபர்னு பாத்தா போதுமான்னா அதுவும் போதாது. எங்க ஆளு சோம்பேறி, கவுண்ட்டரைக்கூட அழிக்கல, அதான் மாட்டிக்கிட்டாரு. 2025 ஜனவரில ஐரோப்பால சீகேட்டோட எக்ஸோஸ்ங்கிற சர்வர் டிஸ்க்கைப் புதுசுன்னு வித்தாங்க, ஸ்மார்ட் கணக்கை சைபராக்கிட்டு, உள்ள ஃபார்ம்னு இருக்குற இன்னொரு பதிவைப் படிச்சா பத்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல ஓடுன டிஸ்க்குங்க. நமக்கென்ன, ஐரோப்பா கதைன்னு இருந்தேன், பாத்தா கோலாலம்பூர் பக்கத்துலயே ஒரு கிடங்குல பழைய டிஸ்க்கை தொடச்சு, கணக்கை அழிச்சு, புது லேபிள் ஒட்டிட்டு இருந்தவங்களை மலேசிய அதிகாரிங்க புடிச்சாங்கன்னு அதே வருஷம் ஆகஸ்ட்ல செய்தி. பாலம் தாண்டுனா நம்ம வீடு. சீகேட் டிஸ்க்னா கம்ப்யூட்டர்ல மாட்டி ஸ்மார்ட்மான்டூல்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல ஃபார்ம் பதிவைப் பாத்துருங்க, இல்லாட்டி கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைங்க யாரையாவது பாக்கச் சொல்லுங்க. சீரியல் நம்பரை தயாரிப்பாளர் தளத்துல போட்டு வாரண்டி இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு பாக்குறது அதைவிட ஈஸி, யார் வேணா செய்யலாம், கடை வாசல்ல நின்னுகிட்டே செய்யலாம்.

கடைசில டிஸ்க்கை நாங்களே கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற சிம் லிம்ல வாங்குனோம், 4 டிபி, 169 வெள்ளி, பில்லுல மாடலும் சீரியலும் எழுதச் சொல்லி வாங்குனேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு, பாக்கட்டும். மாட்டுறது ரெண்டு கேபிள், நாலு ஸ்க்ரூ, அவ்ளோதான். ரெக்கார்டரையும் பாம் ஷெல்டர்லேருந்து, அதாவது வீட்டுக்குள்ள இருக்குற பாதுகாப்பு அறைலேருந்து, ஹாலுக்கு மாத்திட்டோம். இரும்புக் கதவ சாத்தி வச்சா உள்ள டிஸ்க் 54 டிகிரில கொதிக்குது, ஹால்ல 42.

பணம்? எழுதிக் கேட்டேன், பதில் இல்ல. பயனீட்டாளர் சங்கத்துக்கு போன் பண்ணி விவரம் கேட்டுட்டு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துலயே போட்டுட்டேன். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீல் கிடையாது, என்னை மாதிரி பயனீட்டாளர் 5,000க்குள்ள கேட்டா கட்டணம் 10 வெள்ளி, வீட்டுலேருந்தே ஆன்லைன்ல போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். 2012லேருந்து லெமன் லான்னு ஒண்ணு இருக்குல்ல, ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வாங்கும்போதே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு வித்தவன்தான் நிரூபிக்கணும். எங்களுக்கு அஞ்சு மாசம்தான் ஆகிருந்துச்சு. ஒரே சிக்கல், அவரு கார்டுல ஒரு பேரு, பேநவ்ல வந்த கம்பெனி வேற பேரு, கம்பெனி பதிவு பண்ற அக்ரால தேடி சரியான பேரைப் புடிக்கவே ஒரு வாரம். அந்த பேநவ் ஸ்க்ரீன்ஷாட்டையும், ஸ்மார்ட் பக்கத்தை போட்டோ எடுத்ததையும் வச்சுத்தான் எல்லாமே நடந்துச்சு. பணம் குடுத்த நாளே இதெல்லாம் எடுத்து வச்சிருந்தா அந்த ஒரு வாரமும் மிச்சம்.

மன்றத்துக்குப் போற நாளுக்கு முந்தின ராத்திரி 200 வெள்ளி திரும்ப வந்துச்சு, ஒரு சாரியோட. நான் கேட்டது 250, சரி போகட்டும்னு வாபஸ் வாங்கிட்டேன். பெயிண்ட் ஊத்துனவனை கீழ லிஃப்ட் பக்கம் இருக்குற போலீஸ் கேமராவுல பாத்திருப்பாங்கன்னு நெனைக்கிறேன், எங்களுக்கு ஒண்ணும் சொல்லல. கறிவேப்பிலை மட்டும் பொழச்சிக்கிச்சு, அம்மா பெயிண்ட் பட்ட கிளையெல்லாம் வெட்டிட்டு தண்ணி ஊத்தி ஊத்தி துளிர்க்க வச்சிட்டாங்க.

கேமரா மாட்டுன ஆளோட பேரைச் சொல்லுங்கன்னு நாலு பேரு கேட்டீங்க, சொல்ல மாட்டேன், பணத்தை வாங்கிட்டேன், அதுவுமில்லாம போன மாசம் பாத்தப்போ அந்த ஆளு வேற பேருல விளம்பரம் போட்டிருந்தாரு, அதே வாட்ஸாப் குரூப்ல, "எங்கள் வாடிக்கையாளர் வீடு"ன்னு ஒரு காரிடார் போட்டோவோட. கேட்டுக்குப் பக்கத்துல செருப்பு அலமாரி, அதுக்குப் பக்கத்துல பச்சை பிளாஸ்டிக் தொட்டில கறிவேப்பிலைச் செடி. அதைப் பாத்தீங்கன்னா கூப்டாதீங்க, அது எங்க அம்மா வீடு.